எண் எழுபத்து மூன்று

கையெழுத்துப் போட்டது எங்கள் சமையலறையில்தான்.
மீன் வாடை போக
மேசையை இரண்டு முறை துடைத்திருந்தாள் அம்மா.
கோபன்ஹேகனிலிருந்து வந்த மாரன்
வாசலில் நின்று, பூட்ஸைக் கழற்றட்டுமா என்று கேட்டாள்.
அந்த ஒரு கேள்வியில் விழுந்துவிட்டோம்.

யூட்லாந்தின் மேற்குக் கரை. மணல்மேடுகளுக்குப் பின்னால்
நாணல் வேய்ந்த கூரைகள், தார் பூசிய பலகைச் சுவர்கள்.
எழுபத்து மூன்று விடுமுறை வீடுகள்.
எழுபத்து இரண்டு ஊரார் வீடு.
வாடகைக்கு விடுவதும் பெருக்குவதும்
குழாய் உறைந்தால் நடுநிசியில் ஓடுவதும் நாங்கள்.
ஒன்று மட்டும் எங்களுடையது. அது வாடகைக்கு இல்லை.
ஆனாலும் சாவிப்பலகையின் கடைசி வரிசையில்
அதற்கும் ஓர் ஆணி.

"இருபது வருடமாக நீங்கள் வளரவே இல்லையே" என்றாள் மாரன்,
குழந்தையை எடை பார்க்கும் நர்ஸின் அக்கறையோடு.
அறுபது சதவீதம் அவர்களுக்கு. ஐந்து ஆண்டு.
பிறகு விற்றுவிட்டுப் போவார்கள்.
"யாரிடம்?" என்றார் அப்பா.
"இன்னும் பெரியவர்களிடம்."
அப்பா சிரித்தார்.
படகில் போய் வந்தவர், மீன் எதைத் தின்னும் என்று தெரிந்தவர்.

பொய் சொல்ல மாட்டேன். நல்லதும் நடந்தது.
பதினோரு வருடம் சொந்தக் காரில் வாளி சுமந்த பொசேனாவுக்கு
வேன் வந்தது, சூடாகும் இருக்கையோடு.
அண்ணன் ட்ரோல்ஸ் முதன்முறையாக ஜூலையில் லீவு எடுத்தான்.
போர்ச்சுகலில் யாரோ ஒருவரின் வாடகை வீடு.
திரும்பி வந்து ஒரு வாரம்
அந்த வீட்டுக் குழாயின் வாஷரைப் பற்றியே பேசினான்.

இரண்டாம் ஆண்டு, தெற்கே ஒரு குடும்பக் கம்பெனியை வாங்கினோம்.
மூன்றாம் ஆண்டு இன்னும் நான்கு.
வாங்கினோம் என்று சொல்ல நாக்கு சீக்கிரம் பழகிற்று.
வாங்கிய கடன் அவர்கள் பெயரில் இல்லை,
எங்கள் கம்பெனியின் தலையில்.
இது எனக்கு உறைக்க ஒரு முழுக் குளிர்காலம் ஆனது.
அந்தச் சமையலறைகளிலும்
யாரோ மேசையைத் துடைத்து வைத்திருந்தார்கள், ஈரம் காயவில்லை.
பூட்ஸைக் கழற்றட்டுமா என்று
நான் கேட்டேன்.

சாவிகள் போயின. ஆறு இலக்க எண்கள் வந்தன.

நான்காம் ஆண்டு, பிப்ரவரி.
அட்டவணையில் ஒரு கட்டம் மஞ்சளாக மின்னியது:
எண் 73. வருமானம் பூஜ்யம்.
பிழை என்று எழுதினேன்.
பிழை இல்லை என்று பதில், ஒரு இணைப்போடு.
பின்னிணைப்பு நான்கு: கம்பெனியின் பெயரிலுள்ள சொத்துகள் அனைத்தும்.
வரி மிச்சமாகும் என்று அப்பா எப்போதோ
கம்பெனி பெயருக்கு மாற்றியிருந்த வீடு.
கீழே என் கையெழுத்து, கொஞ்சம் சாய்ந்து, அவசரமாக.
அடுப்பில் மீன் தீய்ந்துவிடும் என்று எழுந்தது ஞாபகம் இருக்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை.
இரவில் செயலியைத் திறந்து விலை பார்த்தேன்.
மறுபடி பார்த்தேன். ஏறியிருந்தது.
"இந்த வீட்டை இன்னொருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார், சீக்கிரம்!"
என்றது திரை.
அந்த இன்னொருவரும் நான்தான். அலுவலக மடிக்கணினியில்.

கிடைத்தது நவம்பரில் மூன்று இரவு.
ஆறு எண்ணையும் அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது.
கதவு திறக்கவில்லை.
உப்புக் காற்றில் ஊதிக்கொள்ளும் கதவு அது.
இடது தோளால், தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் மேலே,
ஓர் இடி.

உள்ளே போய், கோட்டைக் கழற்றாமல்,
போனை எடுத்து விருந்தினர் குறிப்பில் சேர்த்தேன்:
கதவு இறுகியிருக்கும். இடது தோள்.
பிறகுதான் விளக்கைப் போட்டேன்.

காலை பத்து மணிக்குள் காலி செய்ய வேண்டும்.
அந்த விதியை எழுதியவளும் நானே.